வாங்க வராதவர் விட்டுப்போன புத்தகம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் இலக்கியம் படித்தவள் கிடையாது, மதுரை கீழமாசி வீதியில் ஒரு மளிகை மண்டியில் கணக்கு எழுதுகிறவள். புத்தகத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் வெளியே இருந்து தெரிந்ததுதான்: முதுகு, தையல், பசை, அட்டை. அப்பா பைண்டர். எழுகடல் தெருவை ஒட்டிய ஒரு சந்தில், ஒருவர் உள்ளே உட்கார்ந்தால் இன்னொருவர் வாசலில்தான் நிற்க வேண்டும் என்கிற அளவு அறையில், நாற்பது வருடம் போல உட்கார்ந்து புது மண்டபத்துப் புத்தகக் கடைகளுக்கும் மண்டிகளுக்கும் வக்கீல்களுக்கும் புத்தகம் கட்டினார். ஜூன் மாதம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம், சித்திரைக்கு முன்னால் பேரேடு, மற்ற நாளில் எது வருகிறதோ அது. போன மார்கழியில் தவறிவிட்டார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த உறவுக்காரர் ஒருவர், துக்கத்தைக் கடப்பது எப்படி என்று சொல்லித்தரும் புத்தகம் ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். நல்ல மனசுதான். மூன்றாவது பக்கத்திலேயே மரணம் ஒரு கதவு, வாழ்க்கை ஒரு பயணம் என்று ஆரம்பித்துவிட்டது. மூடிவைத்து முதுகைப் பார்த்தேன், ஒட்டு பைண்டிங், நடுவில் விரித்தால் படக்கென்று பிளந்துவிடும். பெயர் வேண்டாம். இந்த எழுத்து அந்தப் புத்தகத்தைப் பற்றியது இல்லை.

தை மாதம் கடை அறையைக் காலி செய்தபோது ஒரு சாக்கு நிறையப் புத்தகம் கிடைத்தது. எல்லாம் கட்டி முடித்து, வாங்க வராதவர்களுடையது. எத்தனை வருடம் ஆனாலும் அதைத் தூக்கிப் போடக் கூடாது என்பது அப்பாவின் கணக்கு, என்றைக்காவது வருவான் என்பார். சமையல் குறிப்பு, பழைய தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்த தொகுப்பு, ஒரு சித்த வைத்திய நூல், ஒரு பிள்ளையின் பத்தாம் வகுப்புக் கணக்கு. அதற்குள் ஒன்று, கறுப்பு ரெக்சின் முதுகு, மூலைகளில் காலிகோ துணி, உள்ளே இரண்டு மூன்று சமாச்சாரத்தைச் சேர்த்து ஒரே புத்தகமாகத் தைத்தது. அப்பாவின் கையெழுத்தில் ஒரு சீட்டு: முதலெழுத்து மட்டும், ஆறு இலக்க போன் நம்பர், 2001ஆம் வருடத் தேதி, பாக்கி 40.

அந்தக் காலத்தில் இப்படிச் செய்வார்கள். மெல்லிய புத்தகம் இரண்டு மூன்றைக் கொண்டுவந்து ஒன்றாகக் கட்டித் தரச் சொல்வார்கள், செலவும் குறைவு, தொலையவும் தொலையாது. எதை எதோடு சேர்க்கிறார் என்பதில் ஆளின் மனசு தெரியும். இந்த ஆள் சேர்த்திருந்தது பாமாவின் 'கருக்கு' முதல் பதிப்பும், ஈழத்துக் கவிதைகளின் ஜெராக்ஸும். ஒன்று வத்திராயிருப்புப் பக்கத்து ஊர், இன்னொன்று யாழ்ப்பாணம். ஏன் சேர்த்தார் என்று அப்பாவிடம் கேட்க முடியாது, அவரிடம் கேட்டிருந்தாலும், சைஸ் ஒத்து வந்தது அதனால் கட்டினேன் என்றுதான் சொல்லியிருப்பார். இந்த வருடம் முழுக்க நான் வாசித்தது அந்தப் புத்தகத்தில் ஆரம்பித்து அங்கிருந்து கிளை பிரிந்து போனவைதான். அவற்றைப் பற்றித்தான் எழுதுகிறேன், யாருக்கு எது உதவும் என்பதையும் சேர்த்து.

'கருக்கு' 1992இல் வந்தது, வெளியிட்டது மதுரையில் இருந்த சமுதாயச் சிந்தனை செயல் ஆய்வு மையம். அதாவது உலகமெல்லாம் போய், லக்ஷ்மி ஹோம்ஸ்ட்ராம் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, பரிசும் வாங்கிய புத்தகம் நம் ஊரில் அச்சாகி வெளியே வந்தது, எனக்கு இது நாற்பத்தெட்டு வயதில்தான் தெரிகிறது. தன்வரலாறு என்று சொல்கிறார்கள். ஆனால் பிறந்தேன், படித்தேன், வேலைக்குப் போனேன் என்று வரிசையாக வராது. ஊரின் அழகில் ஆரம்பிக்கிறது, மலை, பாறை, கண்மாய், ஒவ்வொன்றின் பெயரும் அந்தப் பெயருக்கு ஒரு கதையும். அப்புறம் தெரு, அப்புறம் பாட்டி, அப்புறம் கோயில் என்று வட்டமாகச் சுற்றி, சொன்ன இடத்துக்கே திரும்ப வந்து இன்னொரு பக்கத்திலிருந்து சொல்கிறது. பேச்சு அப்படியே எழுத்தில். ஆரம்பத்தில் எனக்கு ஒட்டவில்லை, பத்துப் பக்கம் போனதும் அந்தக் குரல் காதில் கேட்க ஆரம்பித்துவிட்டது.

எல்லோரும் சொல்கிற இடம் ஒன்று உண்டு, நானும் அதைச் சொல்லாமல் போக முடியாது. மூன்றாம் வகுப்புச் சிறுமி, பத்து நிமிடத்தில் நடந்து வரக்கூடிய தூரத்தை வேடிக்கை பார்த்துப் பார்த்து அரை மணி, ஒரு மணி ஆக்கி வருகிறாள். அவள் தெருப் பெரியவர் ஒருவர் கடையிலிருந்து பலகாரப் பொட்டலத்தைக் கொண்டுவருகிறார், பொட்டலத்தைத் தொடாமல், கட்டியிருக்கிற நூலை மட்டும் பிடித்துத் தூக்கிக்கொண்டு. களத்தில் உட்கார்ந்திருக்கிற முதலாளியிடம் குனிந்து நீட்டுகிறார். சிறுமிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை, வீட்டுக்கு வந்து அண்ணனிடம் நடித்துக் காட்டுகிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. ஏன் அப்படித் தூக்கிப் போனார் என்று சொல்கிறான்.

இந்த இடத்தில் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். மேலூர்ப் பக்கம் எங்கள் அப்பத்தா வீட்டில், கொல்லைப்புறச் சுவரில் ஒரு ஓட்டைக்குள் அலுமினிய டம்ளர் ஒன்று செருகியிருக்கும். வேலைக்கு வருகிறவர்களுக்கு. லீவுக்குப் போகிற நாங்கள் அதைத் தொட்டால் அப்பத்தா கையில் அடிப்பாள், ஏன் என்று சொன்னது கிடையாது, நாங்களும் கேட்டது கிடையாது. அந்த டம்ளரை முப்பது வருடமாக நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. ஒரு நூல் கட்டிய பொட்டலம் அதை வெளியே இழுத்துப் போட்டது. பாமா எங்களைத் திட்டியிருந்தால் நான் பதிலுக்கு நியாயம் பேசியிருப்பேன். அவர் ஒரு பொட்டலத்தைத்தான் காட்டினார்.

பள்ளிக்கூடத்தில், கல்லூரியில், ஏதாவது கணக்கெடுக்க வேண்டுமென்றால் ஹரிஜனப் பிள்ளைகள் எழுந்து நில்லுங்கள் என்பார்கள் என்று எழுதுகிறார். பதிவேட்டில் நிரப்ப ஒரு எண் வேண்டும், அதற்காக ஒரு பிள்ளை எல்லார் முன்னாலும் நிற்க வேண்டும். ரிஜிஸ்டர் எழுதுகிற வேலை பார்க்கிறவர்கள் எல்லோரும் அந்தப் பக்கங்களை ஒருமுறை படித்தால் நல்லது.

குறை என்றால், பிற்பகுதியில் கன்னியர் மடத்து விஷயங்கள் வருகிற இடத்தில் சொன்னதே திரும்பத் திரும்ப வருகிறது. ஏழைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்று துறவியாகப் போனவர், அங்கே வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் சேவை நடக்கிறது என்று பார்த்து, கடைசியில் எல்லாவற்றையும் விட்டு வெளியே வருகிறார். அதன் கோபமும் ஏமாற்றமும் ஒரே இடத்தைச் சுற்றுகின்றன. எனக்கு அலுப்புத் தட்டியது உண்மை. ஆனால் அப்பாவுக்கு ஒப்பாரி வைத்த பெரியம்மாவும் ஒரே விஷயத்தைத்தான் இரண்டு நாள் சுற்றினாள், அவளை யாரும் சுருக்கமாகச் சொல் என்று கேட்கவில்லை.

அடுத்து ஜெராக்ஸ். 'மரணத்துள் வாழ்வோம்', 1985இல் வந்த தொகுப்பு, 31 கவிஞர்களின் 82 கவிதைகள். இந்தப் பிரதியில் முழுதாக இல்லை, பாதிக்கு மேல் மங்கலாக, சில பக்கத்தில் ஜெராக்ஸ் எடுத்தவரின் கட்டைவிரல் நிழல்கூட விழுந்திருக்கிறது. அப்பா அதையும் வீணாக்கவில்லை, ஒற்றைத் தாள்களை ஓரத்தில் துணி ஒட்டிப் பாரமாக்கி, அதாவது சேர்த்துத் தைக்கிற தாள் கட்டாக்கி, தைத்திருக்கிறார். யாரோ ஒருவர் எங்கிருந்தோ வாங்கி, எடுத்து, இன்னொருவர் அதிலிருந்து எடுத்து வந்த பிரதி. மதுரையைச் சுற்றி ஆனையூரிலும் உச்சப்பட்டியிலும் ஈழ அகதி முகாமில் இருப்பவர்களை நாம் பஸ்ஸில் பார்த்துவிட்டுக் கடந்து போயிருப்போம். அவர்கள் எதை விட்டுவிட்டு வந்தார்கள் என்பதற்கு இந்தக் கவிதைகளைப் போல வேறு எதுவும் எனக்குச் சொன்னதில்லை. எல்லாமே நல்ல கவிதை என்று சொல்ல மாட்டேன். சில கவிதைகள் கோஷம்தான், மேடையில் கைதட்டு வாங்கும், தனியாக உட்கார்ந்து படிக்க முடியாது. ஆனால் ஊரில் ஒரு வீதி, ஒரு முற்றம், ஒரு சைக்கிள் என்று வருகிற கவிதைகள் அப்படியே நின்றுவிடுகின்றன.

அந்தப் பிரதியின் கடைசியில் ஒரு கோடு போட்ட தாள், நீல மையில் கையால் எழுதியது, எம்.ஏ.நுஃமானின் 'புத்தரின் படுகொலை'. 1981இல் யாழ்ப்பாணம் பொது நூலகத்தை எரித்தார்களே, அதைப் பற்றியது. மே 31 ராத்திரியிலிருந்து எரிந்தது, ஏட்டுச் சுவடிகளும் சேர்த்து 97,000 நூல்கள் போயின என்று கணக்குச் சொல்கிறார்கள். கவிதையில் புத்தரே கனவில் வந்து சுடப்பட்டுச் சாகிறார், நூலகப் படிக்கட்டில் விழுந்து கிடக்கிறார், சுட்டவர்கள் அந்தச் சடலத்தை மறைக்கப் புத்தகங்களைக் கொண்டுவந்து குவித்துக் கொளுத்துகிறார்கள், தம்மபதமும் சேர்ந்து சாம்பலாகிறது. அவ்வளவுதான் கவிதை. அழுகை இல்லை, சாபம் இல்லை, செய்தித்தாளில் போடுவது மாதிரி நடந்ததை நடந்தபடி சொல்கிற குரல்.

பைண்டர் வீட்டில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், கெட்டியாகக் கட்டின புத்தகம் லேசில் எரியாது. ஓரம் கருகும், உள்ளே வெள்ளையாக அப்படியே இருக்கும், நெருப்புக்குள் ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டால்தான் சாம்பலாகும். அத்தனை ஆயிரம் புத்தகம் எரிய எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று அந்தக் கவிதையைப் படிக்கும்போதெல்லாம் கணக்குப் போடுகிறேன், முடிவதில்லை. 2018 பிப்ரவரியில் மீனாட்சி கோயிலில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்தபோது அப்பா அந்த ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. எதிரே புது மண்டபத்தில் அவருடைய வேலை நூற்றுக்கணக்கில் அடுக்கி வைத்திருந்தது. தீ அங்கே வரவில்லை. அப்புறம் சில வருடத்தில் புது மண்டபத்துக் கடைகளையே குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். மண்டபத்துக்கு அது நல்லதுதான், தூணில் இருக்கிற சிற்பமெல்லாம் இப்போதாவது கண்ணுக்குத் தெரிகிறது. அப்பாவுக்குத்தான் நடை கூடிப்போனது, வேலையும் குறைந்துபோனது.

சரி, நாடகத்துக்கு வருகிறேன். மண்டியில் கூட வேலை பார்க்கிற பெண்ணின் அக்கா கல்லூரியில் தமிழ் நடத்துகிறார். நான் இப்படி வாசித்துக்கொண்டிருப்பதைக் கேள்விப்பட்டு அவர் கொடுத்தனுப்பியது இன்குலாப்பின் 'ஔவை'. இன்குலாப் கீழக்கரைக்காரர், சாகுல் ஹமீது என்பது பெற்றோர் வைத்த பெயர், நம் தியாகராசர் கல்லூரியில் தமிழ் படித்தவர். 2016 டிசம்பரில் இறந்தார். அடுத்த வருடம் 'காந்தள் நாட்கள்' தொகுப்புக்குச் சாகித்ய அகாதெமி விருது அறிவித்தார்கள், குடும்பத்தார் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், அவர் இருந்திருந்தாலும் வாங்கியிருக்க மாட்டார் என்று.

நாடகப் புத்தகத்தை எனக்கு வாசிக்கத் தெரியாது என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. பேர், ஒரு வசனம், பேர், ஒரு வசனம், நடுவில் அடைப்புக்குறிக்குள் வெளிச்சம் மங்குகிறது என்று இருந்தால் எனக்கு ரயில்வே டைம்டேபிள் படிக்கிற மாதிரி இருந்தது. மூன்று நாள் முயன்று பார்த்துவிட்டு, மொட்டை மாடியில் என் மகளையும் சித்தி மகளையும் உட்கார வைத்து ஆளுக்கு நாலு பாத்திரம் பிரித்துக்கொண்டு சத்தமாகப் படித்தோம். அப்போதுதான் உயிர் வந்தது. அம்மா கொடியில் துணி எடுக்க வந்தவள் பாதியில் நின்றுவிட்டாள். அம்மா திருவிழாவுக்குத் திருவிழா ஸ்பெஷல் நாடகம் விடிய விடியப் பார்த்தவள், வள்ளி திருமணத்தில் எந்த இடத்தில் யார் என்ன பாட்டு எடுப்பார்கள் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள்.

"இது யாருடி, நம்ம ஔவையாரா? கம்பு ஊன்டிக்கிட்டு, பட்டை போட்டுக்கிட்டு வரணும்ல? இது என்ன, குமரிப்பிள்ளை மாதிரில்ல பேசுது."

அதுதான் அம்மா நாடகமே, என்றேன். இன்குலாப் காட்டுகிற ஔவை சங்ககாலத்து விறலி. இளவயது, பாணர் கூட்டத்தோடு ஊர் ஊராகப் போகிறவள், ஆடுகிறவள், கள் குடிக்கிறவள், அரசனோடு சரிக்குச் சரியாக நின்று பேசுகிறவள். நாம் அறிந்த ஆத்திசூடிக் கிழவி பிற்காலத்தவர், ஔவை என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் இருந்திருக்கிறார்கள். அத்தனை பேரையும் ஒன்றாகக் குழைத்து, முடியை நரைக்க வைத்து, கையில் கம்பைக் கொடுத்து, குமரிகளுக்குப் புத்தி சொல்ல உட்கார வைத்தாயிற்று. 1953இல் கே.பி.சுந்தராம்பாள் நடித்து வந்த படத்துக்குப் பிறகு வேறு முகமே மனசுக்கு வராது, எனக்கும் அப்படித்தான். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் கொடியில் மீதித் துணியை எடுக்காமல் கடைசி வரைக்கும் உட்கார்ந்திருந்தாள். முடிந்ததும், "கிழவியா இருந்தாத்தான் சொல்றதக் கேப்பாங்கன்னு கிழவி ஆக்கிட்டாங்க போல" என்றாள். இந்த நாடகத்தைப் பற்றி நான் எழுத நினைத்ததை அவள் ஒரு வரியில் முடித்துவிட்டாள்.

நாடகமாக எனக்கு ஒரு வருத்தம், சில இடங்களில் ஔவை பேசுவதைவிட இன்குலாப் பேசுவது அதிகம் கேட்கிறது. மேடையில் பாட்டும் பறையும் சேர்ந்தால் அது தெரியாமல் போகலாம். படிக்கும்போது தெரிகிறது.

ஆனால் அந்த நாடகம் செய்த பெரிய உபகாரம், என்னைப் புறநானூற்றுக்கு அனுப்பியது. பள்ளிக்கூடத்தில் மனப்பாடப் பகுதியாகப் படித்து வெறுத்துப்போன புத்தகம். 235ஆவது பாட்டு, அதியமான் இறந்தபின் ஔவை பாடியது. கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாடப் பாடத் தானும் குடிப்பான், சோறு கொஞ்சமென்றாலும் பல தட்டில், நிறைய என்றாலும் பல தட்டில், எலும்பும் கறியும் இருக்கிற இடமெல்லாம் எங்களுக்கு, அம்பும் வேலும் வருகிற இடமெல்லாம் தான் நிற்பான். இப்படியே போகிறது. ஐயோ போய்விட்டானே என்பதை முதலில் சொல்லவில்லை. என்ன கொடுத்தான், எப்படிக் கொடுத்தான் என்று கணக்கு எழுதுகிற மாதிரி ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே போகிறாள். அப்புறம் ஒரு வரி, நரந்தம் மணக்கிற தன் கையால் புலால் நாறுகிற என் தலையைத் தடவுவான் என்று.

அப்பாவின் கையில் மைதாப் பசை வாசம் அடிக்கும். பூச்சி அரிக்காமல் இருக்கப் பசை காய்ச்சும்போது மயில்துத்தம் போடுவார், ஆனாலும் அந்த வாசம் எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. சாப்பிடும்போதுகூட இருக்கும். நகக்கண்ணில் லேசான நீலம். சின்ன வயதில் எனக்கு அது கூச்சமாக இருக்கும், தலைவாரிவிட வந்தால் அம்மாதான் வேண்டும் என்று அழுவேன். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் ஒருத்தி தன் தலை நாற்றத்தையும் அவன் கை மணத்தையும் சேர்த்து ஒரே வரியில் எழுதிவைத்திருக்கிறாள். அப்பா இறந்தபோது வராத அழுகை அந்த வரியில் வந்தது. விலை என்று பார்த்தால் உரையோடு கூடிய மலிவுப் பதிப்பே போதும், எந்த உரையாக இருந்தாலும் பரவாயில்லை, பாட்டை நாமே வாய்விட்டுப் படித்துக்கொள்ளலாம்.

இந்தப் பாட்டுக்குப் பிறகு புத்தகத் திருவிழாவில், தமுக்கத்தில், ஆசையாக ஒரு புதுக் கவிதைத் தொகுப்பு வாங்கினேன். அம்மாவை இழந்த ஒருவர் எழுதியது, பெயரும் பதிப்பகமும் வேண்டாம். பக்கத்துக்கு ஐந்து வரி, மிச்சமெல்லாம் வெள்ளை. நீ இல்லாத வீடு, நீ இல்லாத மழை, நீ இல்லாத தேநீர். அறுபது கவிதை முடிந்தும் அந்த அம்மாவுக்கு எந்தக் குழம்பு பிடிக்கும் என்று எனக்குத் தெரியவில்லை, எப்படிச் சிரிப்பார் என்று தெரியவில்லை, ஊர் எது என்றுகூடத் தெரியவில்லை. எழுதியவர் எவ்வளவு துக்கமாக இருக்கிறார் என்பது மட்டும் தெரிகிறது. இரண்டாவது முறை விரித்தபோது பதினாறு பக்கம் கையோடு வந்துவிட்டது, பசை சரியாகப் பிடிக்கவில்லை. தைக்கலாம் என்று எடுத்து, ஒரு பெருமூச்சு விட்டு, அப்படியே வைத்துவிட்டேன்.

கே.ஏ.குணசேகரனின் 'வடு' 2005இல் வந்தது. இளையான்குடிப் பக்கத்துச் சிறுவயது, சின்னப் புத்தகம், ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம். 'கருக்கு' படித்த கையோடு படித்தால் அடுத்தடுத்த ஊர்க்காரர்கள் இருவர் பேசிக்கொள்வது போல இருக்கும். ஆனால் குரல் வேறு. பாமாவிடம் இருக்கிற கொதிப்பு இவரிடம் இல்லை, இவர் பாட்டுக்காரர், சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போகிறார், நாம் சிரித்து முடித்த பிறகுதான் எதற்குச் சிரித்தோம் என்று உறைக்கிறது. பசியைப் பற்றி எழுதும்போது குறிப்பாக அப்படி. இளையான்குடியில் முஸ்லிம் வீடுகளில் சாதி கேட்காமல் பழகியதையும், ஊர்ப்பக்கம் போனால் முதல் கேள்வியே அதுவாக இருந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதுகிறார், தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. இன்குலாப்பின் 'மனுசங்கடா' பாட்டை ஊர் ஊராகக் கொண்டுபோனது இவர் குரல்தான். 2016 ஜனவரியில் இவர் போனார், டிசம்பரில் அவர் போனார். மொழி எளிமை, பெரிய புத்தகம் கண்டால் மிரளுகிறவர்களுக்கு இதைத்தான் முதலில் கொடுப்பேன். இன்னும் கொஞ்சம் எழுதியிருக்கலாமே என்ற ஏக்கம்தான் குறை, கல்லூரி, பாட்டு, மேடை என்று வருகிற இடமெல்லாம் ஓடுகிறது.

கடைசியாக லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், வித்யா', 2007. இதை நானாகத் தேடி வாங்கவில்லை, மகள் வாங்கி வந்தாள். திருநங்கை ஒருவர் தமிழில் தன் கதையைத் தானே எழுதிய ஆரம்பப் புத்தகங்களில் ஒன்று, கன்னடத்தில் படமாகவும் ஆனது. அறுவை சிகிச்சைக்குப் போகிற பயணத்திலிருந்து ஆரம்பிக்கிறது, மனசு இளகியவர்கள் அந்த முதல் பகுதியைக் கொஞ்சம் தைரியத்தோடு படிக்க வேண்டும். முதுகலை படித்த ஒருவர் புனேயில் ரயிலில் கைநீட்ட வேண்டி வந்ததை ஒளிக்காமல் எழுதுகிறார். அப்புறம் மதுரைக்கு வந்து ஒரு வேலையில் சேர்கிறார். நம் ஊரில் வீடு தேடி, சான்றிதழில் பெயர் மாற்ற அலைந்து. ஒரு பெயருக்கு இவ்வளவா என்று எனக்குத் தோன்றியது. பிறகு அப்பாவின் இறப்புச் சான்றிதழில் இனிஷியல் ஒன்று மாறிப்போய், அதைச் சரிசெய்ய நான் ஆறு தடவை நடந்தது ஞாபகம் வந்தது. அந்த எழுத்து இறந்துபோனவருடையது. இங்கே உயிரோடு இருக்கிற ஒரு ஆள் தன் பெயரைத் தனக்கே எழுதித் தரச் சொல்லி வரிசையில் நிற்கிறார்.

மொழி பத்திரிகை நடை, விறுவிறுவென்று போகும், இலக்கியச் சுவை தேடுகிறவர்களுக்கு அங்கங்கே தட்டையாக இருக்கலாம். அம்மா இல்லாத வீட்டில், ஆண்பிள்ளை வேண்டுமென்று தவம் கிடந்த அப்பாவைப் பற்றி எழுதுகிற பக்கங்களில் எனக்கு அது தோன்றவில்லை. அந்த அப்பா மீது கோபம் வருகிறது, கொஞ்ச நேரத்தில் பாவமாகவும் இருக்கிறது, எழுதியவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று படுகிறது.

துக்க வீட்டுக்கு எதைக் கொண்டுபோகலாம் என்று கேட்டால், புத்தகமே வேண்டாம், இரண்டு படி அரிசி கொண்டுபோங்கள். மூன்று நாலு மாதம் கழித்து, ஆட்கள் வருவது நின்ற பிறகு, புறநானூறு கொடுக்கலாம். 'கருக்கு' எப்போது வேண்டுமானாலும், ஆனால் தன் வீட்டுக் கொல்லைப்புறத்தை நினைத்துப் பார்க்கத் தயாராக இருக்கிறவர்களுக்கு. 'ஔவை'யைத் தனியாகப் படிக்காதீர்கள், நாலு பேர் வேண்டும், அதில் ஒருவர் வயதானவராக இருந்தால் நல்லது.

சீட்டில் இருந்த எண்ணுக்கு முன்னால் 2 சேர்த்துப் போட்டுப் பார்த்தேன், அப்படி ஒரு எண் இல்லை என்று குரல் வந்தது. அந்தக் கறுப்பு முதுகுப் புத்தகத்தில் ஜெராக்ஸ் பகுதி ஒரு பாரம் மட்டும் நூல் விட்டிருந்தது, அப்பாவின் ஊசியை எடுத்து நானே தைத்தேன், அவர் தையல் போல நேராக வரவில்லை. 2001இல் ஒரு ஜூலை மாதம் எழுகடல் தெருப் பக்கம் 'கருக்கு'ம் ஈழக் கவிதையும் சேர்த்துக் கட்டக் கொடுத்தவர் இதைப் படித்தால், மண்டிக்கு வந்து வாங்கிக்கொள்ளலாம். பாக்கி 40 தர வேண்டாம். நுஃமான் கவிதை எழுதியிருக்கிற அந்தக் கோடு போட்ட தாளை மட்டும் ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டுதான் கொடுப்பேன்.